பதின்மூன்றாம் அறை நலம்

அம்மா வேண்டுமென்றே சொல்கிறாளா, உண்மையிலேயே மறந்துபோகிறாளா என்று மகளுக்குப் பிடிபடவே இல்லை. முதியோர் இல்லத்தில் தினமும் காலையில் அறைக்கு அறை மணி அடிக்கும். உள்ளே இருப்பவர் பட்டனை அமுக்கினால் திரையில் ‘நலம்’ என்று வரும். அமுக்காவிட்டால் நர்ஸ் ஓடி வருவாள். அந்தப் புரோகிராமை எழுதியதே மகள்தான். புதிதாகக் கட்டிய பதின்மூன்றாம் அறைக்கு அம்மா மாறிய நாளிலிருந்து திரையில் தவறாமல் நலம். போனில் அம்மா மட்டும் வேறு பாட்டுப் பாடினாள்.

“எனக்கு மணியே அடிக்கலடி.”

“அடிச்சிருக்கும்மா. நீதான் அமுக்கியிருக்க. இங்க காட்டுதே.”

“நான் எதையும் அமுக்கலையே...”

முதலில் சண்டை பிடித்த குரல், போகப்போக இறங்கிவிட்டது. கணக்கு டீச்சராக இருந்தவள், சொந்தபந்தம் அத்தனை பேர் போன் நம்பரையும் நுனிநாக்கில் வைத்திருந்தவள். மகள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஞாபக மறதி டாக்டரிடம் நேரம் வாங்கினாள். அதைச் சொன்னபோது அம்மா “சரிம்மா” என்றாள். அந்த ‘சரிம்மா’தான் மகளைத் தூங்கவிடவில்லை.

ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரன் சோடாபுட்டியிடம் புலம்பியபோது அவன் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டான்: “புது ரூம மணி வரிசைல சேர்த்தீங்களா?”

புரோகிராம் எழுதுகிறவர்கள் ‘அர்ரே’ என்று சொல்லும் அந்த வரிசையைத் திறந்து பார்த்தாள். பன்னிரண்டு இடங்கள்தான் இருந்தன. திரையில் புது அறையைச் சேர்த்த இல்லத்துக்காரர்கள் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. இல்லாத இடத்தில் கை வைத்தால் புரோகிராம் படுத்துவிடும். ஒருமுறை அப்படிப் படுத்து மானம் போனபிறகு, அவளே ஒரு காவல் வரி எழுதியிருந்தாள்: எல்லை தாண்டினால் தொடாதே, ‘நலம்’ என்று சொல்லிவிடு. மேனேஜர் கைதட்டிய வரி. மேலும் கீழும் படித்தாள். எல்லையைச் சரியாகத்தான் பார்க்கிறது, பிறகு எங்கே தப்பு?

“இல்லாத இடத்த இல்லன்னு சொல்லணும். நல்லா இருக்குன்னு யாரு சொல்லச் சொன்னா?” என்றான் சோடாபுட்டி.

வேலியே பயிரை மேய்ந்த கதை. அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷமும், இத்தனை நாள் அவள் விழுந்து கிடந்திருந்தால் என்ற பயமும் ஒன்றாக வந்தன. புது அறையை வரிசையில் சேர்த்து, அந்த வரியையும் திருத்திவிட்டு நேரே இல்லத்துக்கு ஓடினாள்.

“அம்மா, நீ சொன்னதுதான் சரி. மணி அடிக்கவே இல்ல. தப்பு என்னோடது.”

அம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். “இல்லடி, அடிச்சுது. இன்னிக்குக்கூட அடிச்சுதே. நான்தான் அமுக்கினேன்.”

டாக்டருக்குப் பயந்து சொல்கிறாளா, நிஜமாகவே நம்பிவிட்டாளா? மகளுக்கு மறுபடியும் ஒன்றும் புரியவில்லை. சோடாபுட்டிக்குப் போன் போட்டு, “இப்ப அடி” என்றாள்.

அந்த அறையில் முதல்தடவையாக மணி அடித்தது. அம்மா பட்டன் பக்கம் திரும்பவில்லை. அடிக்கிறதா என்று கேட்பதுபோல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.