கொடுவா எழுதப்படாத நாள்கள்

1

இந்தக் கதை எனக்கு அலமாரித் தட்டில் கிடைத்தது. காஜா பேராங் பேட்டையில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ருக்மணி அம்மாள், மீன்பிடி இலாகாவின் பழைய பதிவுத் தாள்களைத் தட்டுகளில் விரித்திருக்கிறார். ஊறுகாய் ஜாடிகளை நகர்த்தி நகர்த்திப் படித்தேன். தாள்களை நிரப்பியவர் காலமான அவர் கணவர், அந்த இலாகாவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த கலியாணசுந்தரம். மீதியெல்லாம் என் புளுகு.

(முதலில் ‘கடல் அன்று அமைதியாக’ என்று தொடங்கினேன். ஆபீசில் உட்கார்ந்து எழுதும் கிராணிக்குக் கடல் எப்படி இருந்தால் என்ன? அடித்துவிட்டேன்.)

2

1957 ஜூலை. மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, ஆறு வாரம். வெள்ளைக்கார அதிகாரி சனிக்கிழமை கப்பலேறுகிறார். போகுமுன் உதவி அதிகாரி வேலைக்குக் கலியாணசுந்தரத்தின் பெயரை எழுதிக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆறு வருடமாகக் கலியாணசுந்தரம் போட்ட சராசரி அவ்வளவு சுத்தம்: படகுக்கு நாளொன்றுக்கு நாற்பது காத்தி, சுமார் இருபத்துநாலு கிலோ, கொடுவா மீன், இறங்கவே இல்லை. அதை நம்பி இன்னும் முப்பது வலைக்கு அனுமதி தரும் அறிக்கை கையெழுத்துக்குக் காத்திருந்தது.

ஆறு வருடம் கரைப்பக்கமே போகாத மனிதரைக் கதாநாயகனாக்குவதா? எனக்கு இவர்மேல் எரிச்சல்தான். ஆனாலும் கதையில் அவரைப் புதன்கிழமை காலை பண்டார் ஹிலிர் கரைக்கு அனுப்பினேன். ஏதோ கையெழுத்து வாங்க. (இதைவிட நல்ல காரணம் அகப்படவில்லை.)

3

கரையில் மீனை நிறுத்துக் குறிக்கும் சிஹாபுதீன் தராசடியில் இருந்தார். ஒரு படகு வந்தது. நாலு பேர், நாலு கொடுவா. ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சிஹாபுதீன் நோட்டை மூடினார்.

“ஏன் பாய், எழுதல?”

“வீட்டுக் கறிக்கு எடுத்தது போக மிச்சத்தத்தானே கிராணி நிறுப்போம். மிச்சம் இல்ல லா. என்னத்த எழுத?”

“கட்டத்தச் சும்மா விட்டுருவீங்களா?”

“எப்பவும் அப்படித்தான். முன்ன மாசத்துல ஒரு நாள் வரும். இப்ப பாதி நாள் இதான்.”

கலியாணசுந்தரம் நோட்டை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினார். காலிக் கட்டங்களையெல்லாம் ‘படகு போகாத நாள்’ என்று தள்ளிவிட்டு, எடை எழுதிய நாள்களை மட்டும் கூட்டி வகுத்தவர் அவர். மீன் குறையக் குறைய, குறைந்த நாள்கள் சராசரியை விட்டே வெளியேறியிருந்தன.*

* இது எனக்குப் புரிய மூன்று தட்டுகள் பிடித்தன.

4

“துரை கையெழுத்துப் போட்டாச்சா?” என்றாள் ருக்மணி அன்று இரவு.

“நாளைக்கு.”

“உங்களுக்குப் பெரிய வேலை கிடைக்குதுன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டேன். நீங்க ஏன் இருப்புக்கொள்ளாம நடக்கிறீங்க?”

அவர் மனைவியிடம் எல்லாவற்றையும்

(வேண்டாம். சொல்லியிருக்க மாட்டார்.)

5

வியாழக்கிழமை. துரை பேனாவைத் திறந்து, பதிவுத் தாளின் காலிக் கட்டங்களில் விரல் வைத்து ஆங்கிலத்தில் கேட்டார்: “இந்த நாள்களில் படகுகள் போகவில்லை, அப்படித்தானே?”

முடிவு ஒன்று: “ஆமாம், சார்.” வேலை கிடைக்கிறது. முப்பது வலையும் கடலில் இறங்குகின்றன.

முடிவு இரண்டு: “இல்லை, சார். தப்பு என்னுடையது.” துரை பேனாவை மூடுகிறார்.

முதலாவதை எழுதக் கை கூசியது. இரண்டாவதில் அவரை நல்லவராக்கி நான் நிம்மதி தேடுவதாகப் பட்டது. இரண்டையும் அடித்தேன். காலியாக விடவும் பயம். காலி இடத்தில் அவரவருக்கு வசதியானதை நிரப்பிக்கொள்வோம், நானும்தான்.

அவர் கடைசிவரை கிராணியாகவே இருந்தாரா, உதவி அதிகாரி ஆனாரா என்று ருக்மணி அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். பக்கத்து அறையில்தான் இருக்கிறார். மூன்று வாரமாகக் கதவு வரை போய்த் திரும்புகிறேன். நீங்களாவது கேளுங்கள்.