பேத்தி வரும் நாளில் பற்றாத உலை

எங்கள் தெருவில், வீட்டைச் சூடேற்றும் உலையை முதலில் பற்றவைப்பவன் கோழை. அமெரிக்காவின் குளிர்ப்பிரதேசமான வடக்கு மினசோட்டாவில் இதற்குச் சட்டம் கிடையாது. ஆனால் எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காக அமலில் இருக்கிறது. அக்டோபர் முழுவதும் நானும் அடுத்த வீட்டு வெர்லினும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் விறைத்துக்கிடப்போம். உலை எரிந்தால் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் வெள்ளையாக ஆவி வரும். அது எதிரியின் கண்ணில் பட்டால் போச்சு. தேவாலயத்துக் காப்பி மேசையில் வசந்தம்வரை நம் கதைதான் ஓடும்.

இந்த வருடம் நான் தோற்கத் தயாரானேன். என் மகள் சோல்வெய்க், புதிதாகப் பிறந்த பெண்குழந்தையோடு அன்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருகிறாள். வீட்டுக்குள் பேசினாலே எங்கள் வாயில் புகை வந்தது.

டயப்பர் வாங்கித் திரும்பியதும், உலையை இயக்கும் சுவர்த் தெர்மோஸ்டாட்டை வீரமாகத் திருகினேன். கீழ்த்தளத்தில் உலைக்குள் சின்ன விசிறி ஒன்று உறுமியது. 'டிக்' என்றது. அப்புறம் அமைதி.

பள்ளிப் பேருந்து ஓட்டிக் காலம் கழித்தவன் நான். எந்த இயந்திரமும் திட்டினால் ஓடும் என்பது என் அனுபவம். திட்டினேன். ஓடவில்லை. தெர்மோஸ்டாட்டுக்குப் புது பேட்டரி போட்டேன். மின்சார பிரேக்கரை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். சமையலறைக் கடிகாரம் குழம்பிப்போனதுதான் மிச்சம். உலையின் காற்று ஃபில்டரை உருவினால், ஒரு சாம்பல் பூனை படுத்திருப்பதுபோல் தூசி. புதிது மாட்டினேன். உறுமல், டிக், அமைதி. பழுதுபார்ப்பவர்களுக்குப் போன் செய்தேன். முதல் குளிர், ஊரே வரிசையில் நிற்கிறது, வியாழக்கிழமைதான் வரமுடியும் என்றார்கள்.

“வெர்லினக் கூப்பிடுங்க,” என்றாள் என் மனைவி மார்லிஸ்.

“அதுக்கு நான் ஏரியில குதிப்பேன்.”

“கூப்பிட்டுட்டுக் குதிங்க. குழந்தை வருது.”

கூப்பிட்டேன். வெர்லின் உடனே வந்தான். ஆனால் நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்க, அவன் வீட்டின் பக்கவாட்டில் நழுவினான்.

“எங்கடா போற? உலை கீழ இருக்கு!”

“தெரியும்டா. மொதல்ல ஆவி வருதான்னு பாத்துக்கறேன். உலை பத்தலன்னு நீ சொன்னா நம்பறதுக்கு நான் என்ன இளிச்சவாயனா?”

சற்று நேரத்தில் அலறினான். “டேய் ஆர்விட்! இங்க வாடா!”

குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்திருந்தது. அதன்மேல் பழைய கம்பளி, சுற்றிலும் கயிறு.

“மூச்சுவிட வழியில்லாம மூடிவெச்சா எப்படிடா பத்தும்? நல்லவேளை, உன்னவிட உலைக்குப் புத்தி ஜாஸ்தி. பத்தியிருந்தா விஷக்காத்து வீட்டுக்குள்ள திரும்பியிருக்கும்.”

நான் இல்லை என்று சத்தியம் செய்ய வாயெடுத்தேன். பின்னால் மார்லிஸ் தொண்டையைச் செருமினாள்.

“நான்தான். நீங்க டயப்பர் வாங்கப் போனப்ப. ஆவி தெரிஞ்சா இவன் உங்களக் கிண்டல் பண்ணியே கொல்லுவான். நீங்க ராத்திரியெல்லாம் புரளுவீங்க. மூடினா பத்தாதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?”

எனக்காக ஒரு மோசடியே செய்திருக்கிறாள். கட்டிப்பிடிக்கத் தோன்றியது, வெர்லின் பக்கத்தில் நின்றதால் தோளில் தட்டிக்கொடுத்தேன். எங்கள் ஊரில் அதுவே ஆபாசத்துக்கு அருகில்.

வாளியைப் பிடுங்கினோம். உலை பற்றியது. ஆனால் வீடு சூடாக நேரம் பிடிக்குமே! அதற்குள் தெருமுனையில் சோல்வெய்க்கின் கார் திரும்பிவிட்டது.

வெர்லின் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான்.

“எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. அங்க சூடா இருக்கு.”

“எப்படிடா சூடா இருக்கும்?”

“காலைலயே பத்தவெச்சுட்டேன்.”

“அடப்பாவி! ஆவியே காணோமே?”

“குழாய்க்கு நாலடி தள்ளிப் படகை நிமித்தி வெச்சிருக்கேன். மறைக்கவும் தெரியணும்டா.” பிறகு காலணியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “குழந்தை வருதுன்னு மார்லிஸ் நேத்தே சொன்னா. உன் உலைய நம்பி ஒரு பச்சப்புள்ளைய விட முடியுமா? போ, சர்ச்சுல போய்ச் சொல்லிக்கோ.”

சாயங்காலம் எங்கள் வீடு சூடானது. அடுத்த வீட்டில் இருந்த பேத்தியை எடுத்துவரப் போனேன். சாய்வு நாற்காலியில் வெர்லின். அவன் தொப்பைமேல் அவள்.

“தூங்கறா. சாயங்காலம் வா,” என்று கிசுகிசுத்தான்.

“இதுதான்டா சாயங்காலம்.”

“அப்ப நாளைக்கு வா.”