தண்டவாளத்தோரம் டபுள்ஸ்

மெயின் ரோட்டில் சைக்கிளில் டபுள்ஸ் போனால் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார். டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு, இனிமேல் நடந்து போ என்று அனுப்பிவிடுவார். அதனால் ரெட்டியார்பாளையத்தில் பெண்டாட்டியைப் பின்னால் வைத்து மிதிக்கிறவர்கள் எல்லாம் தண்டவாளத்து ஓரமாகத்தான் டவுனுக்குப் போவார்கள். அது யாரும் போட்ட ரோடு இல்லை. இஞ்சின் கொட்டிய கரிச்சாம்பலும் பொடி ஜல்லியும் சைக்கிள் டயர் பட்டுப் பட்டு இறுகி, முனிசிபாலிட்டி ரோடே வெட்கப்படுகிற அளவுக்கு வழவழவென்று ஆகியிருந்தது.

நடுவில் ஓடைப்பாலம் ஒன்றுதான் தொல்லை. அங்கே தண்டவாளத்தை ஒட்டி ஒரு பலகை மட்டும் இருக்கும். பாலத்துக்கு முன்னால் பின்சீட்டு ஆள் இறங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பலகையைக் கடந்து, அந்தப் பக்கத்துச் சரிவில் ஏறி மிதிக்கத் தொடங்கிவிடுவான். பின்னால் வருகிற பெண்பிள்ளை நாலு எட்டு ஓடி, கேரியரில் ஒருபக்கமாகத் தாவி உட்கார்ந்துகொள்வாள். நின்று ஏற்றிக்கொள்கிற வழக்கமே கிடையாது. கேரியர் 'தொம்' என்று அதிர்ந்தால் ஏறிவிட்டாள் என்று அர்த்தம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மில்லில் தறி ஓட்டுகிற ராஜாங்கமும் அப்படித்தான். அவன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் இப்போதே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியவன் என்பதால் வெளியே வந்ததும் வாய் ஓயாது. எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் காதில் ஏறாது.

எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாசத்துக் காலை அது. டவுனில் உப்பளம் என்கிற பகுதியில் இருந்த அவன் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் போய்ச் சேர்ந்தால்தான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். பட்டுப்பாவாடையும் வளையலும் பையில் போட்டு ஹேண்டில்பாரில் தொங்கின. பின்னால் அவன் மனைவி அஞ்சலாட்சி. பாலத்துக்கு முன்னால் இறங்கும்போது அவள் ஒன்று சொன்னாள்.

"இன்னிக்குத் திரும்பும்போதாவது பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாங்க. சாயங்காலமானா காய்ச்சல் வந்துடுது."

"பொங்கல் முடியட்டும்னேன், முடிஞ்சுது. இந்தச் சடங்கும் முடியட்டும் புள்ள. எங்க ஓடிப்போவுது ஆஸ்பத்திரி?"

சொல்லிக்கொண்டே பலகையைக் கடந்தான். சரிவில் ஏறி மிதித்தான். கேரியர் அதிர்ந்தது. விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தான். பந்தலில் யார் முன்னால் நிற்பார்கள், போன தடவை மச்சான் கிருஷ்ணசாமி தன்னைச் சரியாகக் கூப்பிடவில்லை, இந்தத் தடவை நாம் விறைப்பாக இருக்க வேண்டும். அவள் பதில் சொல்லவில்லை. அவள் எப்போதுமே அவ்வளவாகப் பதில் சொல்வதில்லை என்பதால் அதுவும் சரியாகவே இருந்தது.

பின்னால் விழுப்புரம் வண்டி ஊதியது. ஒரு தடவை இல்லை, விடாமல் ஊதியது.

"முந்தானையைச் சுருட்டிக்க, வண்டி வருது" என்று கத்திவிட்டு ஓரமாக ஒதுங்கி மிதித்தான்.

வண்டி கடக்கும்போது ஜன்னல்களில் தலை தலையாக நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ கத்தினார்கள். இரண்டு பேர் கையைப் பின்பக்கமாக வீசி வீசிக் காட்டினார்கள். தெரிந்தவர்கள் போலிருக்கிறது என்று ராஜாங்கமும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினான்.

ரயில்வே கேட்டில் கேட்கீப்பர் ஜானகிராமன் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தினமும் பார்க்கிற ஆள்.

"இன்னா ராஜாங்கம், தனியா பேசிக்கினு வர்ற?"

ராஜாங்கம் சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பினான். கேரியரில் யாரும் இல்லை.

சைக்கிள் எப்படிக் கீழே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஊதல் சத்தம், வீசின கைகள், நீட்டின தலைகள் எல்லாம் இப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து அவன் மேல் விழுந்தன. தான் அந்தக் கைகளுக்கு டாட்டா காட்டியது ஞாபகம் வந்தது. சைக்கிளை எடுத்துத் திருப்பி வந்த வழியே பறந்தான். கண் முழுக்கத் தண்டவாளத்தின் மேலேயே இருந்தது. சிவப்பாக எது தெரிந்தாலும் உயிர் போய்ப் போய் வந்தது. ஒரு இடத்தில் வெற்றிலை துப்பியிருந்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் அவளுடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது.

"அஞ்சலாட்சி" என்றான்.

"இங்க இருக்கேன்" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

ஓடைச் சரிவில், கோரைப்புல்லைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேற்றில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. அவளைப் பார்த்ததும் ராஜாங்கம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"பலகை நடுவுல வரும்போது மூச்சு முட்டிக்கிச்சு. உக்காந்துட்டேன். கூப்ட்டுப் பாத்தேன், சத்தம் வர்ல. வண்டி ஊதவும் எழுந்திரிக்க முடியாம அப்பிடியே சரிஞ்சுட்டேன்."

"நீ ஏறிட்டேன்னு நெனச்சேன் புள்ள. கேரியர் அதிர்ந்துச்சே."

"கல்லு மேல ஏறியிருக்கும்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது அவனை இன்னும் சுட்டது. இறங்கிப் போய் அவளை இரண்டு கையாலும் அள்ளினான். பத்து வருஷம் முந்தி, மழைத் தண்ணீர் தெருவில் நின்றபோது, இவளைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிக் கீழே இறக்கியவன் அவன். இன்றைக்கும் அந்தப் பாரத்துக்குத் தயாராகத்தான் கையைக் கொடுத்தான். கை சட்டென்று மேலே வந்துவிட்டது. அவன் பின்னால் சாயப் பார்த்தான்.

அப்போதுதான் அவனுக்கு நிஜமான அடி விழுந்தது. பாலத்திலிருந்து கேட்டுவரை முக்கால் மைல். சரிவில் ஏறியிருக்கிறான், எதிர்காற்றில் மிதித்திருக்கிறான். பின்னால் ஒரு ஆள் இல்லை என்பது காலுக்குத் தெரியவில்லை. இருந்தபோதும் இல்லாதபோதும் ஒரே மிதிதான் மிதித்திருக்கிறான். ரயில் அடித்திருந்தால் ரயிலைத் திட்டலாம். இதற்கு யாரைத் திட்டுவது?

கரையில் உட்கார வைத்து முகத்தைப் பார்த்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டின் கையை இரண்டு பக்கமும் மடித்துத் தைத்திருந்தாள். அந்தத் தையல் புதிசாக இல்லை.

"போவலாங்க. மணையில உக்கார வெக்காம காத்துக்கினு இருப்பாங்க" என்றாள்.

"காத்துக்கினு இருக்கட்டும்."

"தாய்மாமன் சீர் இல்லாம எப்பிடி?"

அவன் சைக்கிளை ஆடாமல் பிடித்துக்கொண்டு, அவள் ஏறி உட்கார்கிறவரை நின்றான். ஏறியதும் அவள் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டான். எதிரில் வந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். கேட்டைத் தாண்டி உப்பளத்துப் பக்கம் திரும்பாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்கு மிதித்தான். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. கை இருக்கிறதா என்று மட்டும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் பட்டுப்பாவாடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா அஞ்சலாட்சியை எடை மெஷினில் நிறுத்தினாள். முள்ளைப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கி ஏற்றினாள். முதுகில் குழாய் வைத்து நிறைய நேரம் கேட்டாள். பிறகு ராஜாங்கத்தைப் பார்த்தாள்.

"நீங்க வீட்டுக்காரரா? எப்போலேருந்து இப்படி இளைக்கிறாங்க?"

ராஜாங்கம் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"இன்னிக்குக் காலையிலதான் பாத்தேம்மா" என்றான்.

டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டு அஞ்சலாட்சி பக்கம் திரும்பினாள். அஞ்சலாட்சி தலை குனிந்துகொண்டாள்.

"ஏழு மாசம் ஆவுதுங்க" என்றாள்.