ஒரு ‘ம்’

லோகாம்பாளின் புருஷன் கலியன் நல்லவன்தான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் தறியில் உட்கார்ந்துவிட்டால் பெண்டாட்டியின் பெயர் அவனுக்கு மறந்துபோகும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோக்க, நெசவாளியின் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து, கரை நூல் ஏற்றிய நாடாவை வீச வேண்டும். அந்த இன்னொருத்தர் லோகாம்பாள். வீச வேண்டிய நேரம் வந்ததும் கலியன் “ம்” என்பான். அவள் வீசுவாள். அவ்வளவுதான் தாம்பத்தியப் பேச்சு.

“பேரைச் சொல்லிக் கூப்ட்டா வாய் வலிக்குமா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“லோகாம்பாள்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அரை மொழம் நெய்ஞ்சிடலாம்டி,” என்று சிரித்தான் அவன்.

கல்யாணமான மறுவாரமே தறிப் பலகையில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவள். யாராவது என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால், “வூட்டுக்காரருக்குக் கூடமாட இருக்கேன்” என்பாள். பாதிப் புடவை அவள் கையில் ஓடியது. அதற்குப் பெயர் கூடமாட!

மஞ்சள் காமாலை கலியனைக் கொண்டுபோயிற்று. காரியம் முடிந்த கையோடு தறிக்குச் சொந்தக்காரர் ஆள் அனுப்பித் தறியைப் பிரித்துக்கொண்டுபோனார். ஐயம்பேட்டை வீட்டுக் கூடத்தில் தறிக்குழி மட்டும் மிஞ்சியது. கலியனின் தம்பி அப்பாதுரை வந்து குழியை எட்டிப் பார்த்தான்.

“அண்ணி, கிருஷ்ணவேணிய எங்கியாவது பக்கத்து ஆளா உக்கார வைங்க. பொட்டப் புள்ள படிச்சு என்னா பண்ணப்போவுது?”

கிருஷ்ணவேணி அவளுடைய ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் புலி.

“என் உசிரு இருக்கிற வரைக்கும் அவ பக்கத்துப் பலகையில உக்கார மாட்டா,” என்றாள் லோகாம்பாள்.

அந்த வருஷத்தை உலகமே பெண்கள் ஆண்டு என்று கொண்டாடிக்கொண்டிருந்தது. எந்த மகராசன் புண்ணியமோ, டவுனில் பெண்களுக்கு நெசவுப் பயிற்சி ஆரம்பித்தார்கள். தேறினால் வீட்டுக்கே தறி வரும் என்றார்கள். லோகாம்பாள் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

முதல் நாள் தறியில் உட்காரச் சொன்னார் பயிற்சியாளர் பூவராகவன். உட்கார்ந்தாள். சுற்றி நின்ற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள்.

“யாருக்கும்மா எடம் வுட்டு வெச்சிருக்கே?” என்றாள் ஒருத்தி.

அப்போதுதான் பார்த்தாள். பலகையின் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு, நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். கை நாடாவைப் பிடித்திருந்தது, காது அந்த ‘ம்’முக்குக் காத்திருந்தது. கலியன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, நடுவுக்கு நகர்ந்தாள்.

நகர்ந்தது வீண்போகவில்லை. மிதியும் அடியும் அவள் காலிலும் கையிலும் வந்து உட்கார்ந்தன. பக்கத்துப் பலகைக்கு மற்றப் பெண்கள் முறைவைத்து வந்தார்கள். பரீட்சையில் அவள் கோத்த கரையைத் தடவிப் பார்த்த பூவராகவன், “தறி உனக்குத்தாம்மா,” என்றார். “பக்கத்துல உக்கார யாரு இருக்காங்க?”

“யாரும் இல்லீங்களே. இங்க இருந்து யாரையாவது அனுப்ப மாட்டீங்களா?”

“அது நெசவாளி பாடும்மா. உங்க வூட்டுக்காரரு எங்கேருந்து ஆள் கொண்டாந்தாரு?”

அவர் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! நெசவாளி என்றால் அவனுக்கு ஒரு பெண்டாட்டி இருப்பாள் என்பது அங்கே எழுதாத சட்டம். இந்த நெசவாளிக்குப் பெண்டாட்டி ஏது?

தெருவெல்லாம் கேட்டுப் பார்த்தாள். பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த அப்பாதுரையையும் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

“பொம்பள நெய்ய, நான் பக்கத்துல உக்காந்து நாடா வீசணுமா? ஊர் சிரிக்கும் அண்ணி.”

தறி வந்து குழியில் இறங்கியது. பாவு நூல் ஏறியது. புடவையைக் குறித்த நாளில் கொடுக்காவிட்டால் தறி வேறு கைக்குப் போய்விடும். லோகாம்பாள் நடுவில் உட்கார்ந்து, காலியாகக் கிடந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கிருஷ்ணவேணி பள்ளிக்கூடத் தாவணியோடு வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள். பலகையில் ஏறி உட்கார்ந்தாள்.

“எழுந்திரிடி. பெல்லு அடிச்சிடும்.”

“அடிச்சிடுச்சும்மா. நீ நெய்யி.”

“இந்த ஒரு பொடவைதான் கண்ணு,” என்றாள் லோகாம்பாள். சொல்லும்போதே அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஒன்று மட்டும் மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டாள். இவளை ஒவ்வொரு தடவையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், கிருஷ்ணவேணி என்று முழுசாக.

மிதித்தாள். இழைகள் பிரிந்தன. உடல் நாடா ஓடிக் கரையோரம் போய் நின்றது.

“கிருஷ்ண...” என்பதற்குள் கால் அடுத்த மிதிக்குத் தாவிவிட்டது. இழை தப்பியது. பிரித்து, மறுபடி மிதித்தாள். மறுபடியும் தப்பியது.

மூன்றாம் தடவை லோகாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ம்,” என்றாள்.

மகள் நாடாவை வீசினாள்.