மச்சினனின் எண்

வீட்டில் அவருக்கு வைத்த பெயர் சிக்னல். டெலிபோன் கம்பெனியில் என்ஜினியர் என்பதால் மாமனார் வீட்டில் யாருடைய போன் மக்கர் பண்ணினாலும் அவர் மடியில்தான் வந்து விழும். சார்ஜ் ஏறவில்லையா, படம் போகவில்லையா, மாமனார் எதையோ அமுக்கித் திரையில் எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டதா, கூப்பிடு சிக்னலை. அவரும் அலுத்துக்கொண்டே பார்த்துக் கொடுப்பார். உள்ளூரப் பெருமைதான்.

ஆபீசில் அவர் பார்த்த வேலை வேறு. நாலாம் மாடியில், அடையாள அட்டையைக் காட்டினால் மட்டும் திறக்கிற ஒரு கண்ணாடி அறை. உள்ளே இரண்டே மேசை. ஒன்று அவருடையது, எதிர் மேசை கும்பகர்ணனுடையது. சாப்பிட்டதும் உட்கார்ந்தபடியே கண் செருகிவிடும் மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பது? பாதுகாப்புத் துறையிலிருந்து உத்தரவு வரும், அதில் ஓர் எண் இருக்கும். அதைக் கணினியில் ஏற்றிவிட்டால், அந்த எண்ணில் பேசுவதிலும் எழுதுவதிலும் ஒரு பிரதி வேறொரு கட்டடத்துக்குப் போய்விடும். அங்கே உட்கார்ந்து யார் கேட்கிறார்கள் என்று இவர்களுக்குத் தெரியாது. முன்பெல்லாம் அதற்கு நீதிபதியின் கையெழுத்து வேண்டும். புதுச் சட்டம் வந்த பிறகு 'நாட்டின் பாதுகாப்பு' என்று இரண்டு வார்த்தை போட்டால் முடிந்தது. உத்தரவு யாரிடம் வருகிறதோ அவர் மட்டும்தான் பார்க்கலாம். எதிர் மேசையிடம்கூட மூச்சு விடக் கூடாது. விட்டால் ஏழு வருஷம் உள்ளே.

அன்றைக்கு வந்த எண்ணைச் சிக்னல் இரண்டு தடவை படித்தார். அது அவர் மனைவியின் தம்பி எண். மனப்பாடமாகத் தெரியும்.

மச்சினன் பத்திரிகைக்காரன். சிறையில் செத்த கைதிகள் நோயில் சாகவில்லை, அடித்துத்தான் கொன்றிருக்கிறார்கள் என்று படங்களோடு எழுதியிருந்தான். அந்தப் படங்களை அவனுக்குக் கொடுத்தது யார் என்று அரசாங்கம் தலைகீழாக நின்று தேடிக்கொண்டிருந்தது. எழுதியவனைத் தொட்டால் ஊர் கத்தும். கொடுத்தவரைப் பிடித்து உள்ளே போட்டால் சத்தமே வராது, அப்புறம் எவரும் எவனுக்கும் எதையும் கொடுக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு ஆள்.

சொந்தக்காரர் எண் வந்தால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. சொன்னால் என்ன ஆகும்? 'ஓகோ, நீங்க அவனுக்கு அத்தானா?' என்று இவரையே நோண்ட ஆரம்பிப்பார்கள். சிக்னல் தைரியசாலி என்று சொல்ல எனக்கும் ஆசைதான். என்ன செய்வது, அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு எண்ணை ஏற்றினார், பொத்தானை அமுக்கினார், போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு அவரால் மச்சினனுக்கு முகம் கொடுக்க முடியவில்லை. தினமும் ஒரு தடவையாவது அவனோடு வம்பளக்காவிட்டால் தூக்கம் வராதவர், அவன் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. எடுத்தால் தன் குரலும் அந்தக் கட்டடத்துக்குப் போகும் என்ற பயம். மனைவிக்குக் கண் இல்லையா, காது இல்லையா?

"என்னங்க, தம்பி மேல என்ன கோபம் உங்களுக்கு? அவன் பேர் போன்ல வந்தாலே பாத்ரூம்ல போய் கதவைச் சாத்திக்கறீங்க."

"வேலை ஜாஸ்தி. தலைக்கு மேல இருக்கு."

"பாத்ரூம்லயா?"

அவர் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். அவள் விடவில்லை. வீட்டுக்காரர் சம்பளம் வாங்குகிற இடம் எது, தம்பி எழுதுகிற விஷயம் எது என்று கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அன்றிலிருந்து, அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினனே நேரில் வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போனை நீட்டினான்.

"அத்தான், இது அடுப்பு மாதிரி சுடுது. எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு. யாராவது ஒட்டுக் கேக்கறாங்களா பாருங்க. ஒரு ஆளோட உயிர் இதுல இருக்கு. பயத்துல இத்தனை நாள் அவங்களைக் கூப்பிடவே இல்ல நான்."

சிக்னல் போனைப் புரட்டிப் பார்த்தார். பார்க்க அதில் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியாதா? ஒட்டுக் கேட்பது கம்பெனியில் நடக்கிறது. கையில் இருக்கிற போனில் அதற்கு ஒரு தடயமும் இருக்காது. சூட்டுக்குக் காரணம் வேறு. மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. இவனையே அனுப்பி என்னைச் சோதிக்கிறார்களோ என்று மறுகணம் தோன்றியது. சொந்த மச்சினனையே சந்தேகப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டார், பாருங்கள்.

"பேட்டரி பழசாயிடுச்சு. மாத்திடு," என்றார்.

அது உண்மைதான். பொய் சொல்லவில்லை என்று அன்று முழுக்கத் தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார்.

"நீங்க சொன்னா சரிதான் அத்தான்," என்று சிரித்துக்கொண்டே போனான் மச்சினன். வந்த பையன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை கும்பகர்ணன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் டப்பாவில் மற்றவர் கை விட்டுச் சாப்பிடுவதுதான் வழக்கம். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. மனிதர் தூங்கவும் இல்லை. சிக்னல் கீழே டீக்கடையிலிருந்து, "டீ வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்க அவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அந்தக் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கி வந்து, மூச்சு வாங்க, "வேண்டாம்பா," என்றார்.

"அதைப் போன்லயே சொல்லியிருக்கலாமே?"

கும்பகர்ணன் தெருவைப் பார்த்தார்.

சிக்னலுக்குப் புரிந்துவிட்டது. போனை எடுக்காமல் இருப்பது, ஒதுங்கிப் போவது, கண்ணைப் பார்க்காமல் இருப்பது, எல்லாம் அவரே மச்சினனிடம் செய்தவை. மச்சினனின் அத்தான் யார் என்று கண்டுபிடித்து, தன்னுடைய எண்ணையும் கும்பகர்ணனிடம் அனுப்பியிருக்கிறார்கள். டீ கையிலேயே ஆறிப்போனது. முதலில் வீட்டுக்கு ஓடி மனைவியிடம் வாயால் சொல்ல வேண்டும் என்று பையை எடுக்க மேலே போனார். கும்பகர்ணனும் பின்னாலேயே ஏறி வந்து கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்ததும் சிக்னலின் போன் அடித்தது. அவள்தான்.

எடுத்தார். கும்பகர்ணன் எதிர் மேசையில் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னங்க, என்னை மன்னிச்சிடுங்க," என்றாள். குரல் தழுதழுத்தது. "நீங்க தம்பியைக் காட்டிக் கொடுத்துடுவீங்களோன்னு சந்தேகப்பட்டேன். அவன்கிட்ட நேர்லயே கேட்டுட்டேன். 'அத்தானைப் போயா? அவர் பாத்துச் சொன்ன பிறகுதான் எனக்கு உயிரே வந்துது'ன்னான். எனக்கு வெக்கமாப் போச்சு."

"சரி, நான் வீட்டுக்கு வரேன். வை."

"இருங்க, முழுசாக் கேளுங்க. படம் கொடுத்த அம்மாவுக்குக் காலைல அவனே போன் பண்ணி, 'தனியா இருக்காதீங்க, அக்கா வீட்டுக்குப் போயிடுங்க'ன்னு நம்ம முகவரி எல்லாம் சொல்லிட்டான். இப்பதான் வந்தாங்க, பாவம். சிறை ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்கறவங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம்."

சிக்னல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலையில் பேசியது காலையிலேயே அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வண்டி கிளம்பியிருக்கும்.

"ரொம்ப நன்றிங்க அண்ணா," என்றது ஒரு புதிய குரல். "நீங்க பாத்துச் சொன்னீங்கன்ற ஒரே தைரியத்துலதான் வந்தேன்."

இவர் வாயைத் திறந்தால் ஏழு வருஷம். திறக்காவிட்டால் அந்த அம்மாவுக்கும், அவர் கொடுத்த படங்களில் செத்துக் கிடந்த கைதிகளின் கதிதான். சிக்னல் நிமிர்ந்து கும்பகர்ணனைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"அம்மா, போனை அங்கேயே வச்சிட்டு இந்த நிமிஷமே பின்பக்கமாப் போயிடுங்க. உங்களைத் தேடி வந்துட்டு இருக்காங்க. மச்சினன் போனையும் ஒட்டுக் கேக்கறாங்க, என் போனையும் கேக்கறாங்க."

கும்பகர்ணன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"கேக்கறாங்களா? உங்களுக்கு எப்படித் தெரியும்?" அந்த அம்மாவின் குரலில் நன்றி போய்ச் சந்தேகம் ஏறியிருந்தது. "யாருங்க நீங்க?"

"மச்சினன் எண்ணை என் கையாலதான் ஏத்தினேன். திட்டறதை அப்புறம் திட்டுங்க. ஓடுங்க!"

நாற்காலி விழும் சத்தம் கேட்டது. கதவு ஒன்று அறைந்து சாத்திக்கொண்டது. பிறகு வெறும் இரைச்சல். அப்புறம் யாரோ போனைக் கையில் எடுத்தார்கள்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் மனைவி. அழுகை நின்றுபோயிருந்தது.

"அவன் போனைக் கொண்டு வந்து காட்டினானே," என்றார் சிக்னல். "அதுக்கு முன்னாடியே."