அக்காவின் முந்நூறு வாக்கியங்கள்

வியாழக்கிழமை அக்காவின் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குள் முந்நூறு வாக்கியங்களை அவள் குரலில் பதிந்தாக வேண்டும். பிறகு கருவியில் பொத்தானை அழுத்தினால் அவளே பேசுவது போல் ஒலிக்கும். பதியும்போது 'டப்'பென்று சத்தம் விழுந்தால், அது ஆயுசுக்கும் விழும்.

இன்று செவ்வாய். கணினி பழுதுபார்த்துப் பிழைக்கும் தம்பிக்கு இது மூன்றாவது நாள். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, ஸ்டுடியோவே தோற்றுப்போகும் என்று வாய்ச்சவடால் அடித்திருந்தான். முதல் நாள் பத்து வாக்கியத்துக்கு மூன்று டப். வைஃபையை அணைத்தான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்பை எடுத்துவிட்டு, ப்ராசஸரை முழு வேகத்தில் ஓடவிட்டான். மூன்று ஒன்றானது. அந்த ஒன்று அட்டையாய் ஒட்டிக்கொண்டது.

போர்வைகள் தொங்கிய படுக்கையறையில் அக்கா வெந்நீரை உறிஞ்சினாள். பதினெட்டு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்த குரல். ஞாயிற்றுக்கிழமை முழுசாக இருந்தது. இப்போது பாதி காற்று.

"இன்னொரு தடவ, அக்கா."

"உன்கிட்ட எத்தன தடவ வேணா இருக்கும். என்கிட்ட கம்மிடா."

வாசலில் நின்ற மாமா, அவள் கணவர், தொண்டையைச் செருமினார். "மாப்ள, என் போன்லயே எடுத்தா என்ன?"

"அது மூச்சுச் சத்தத்த எல்லாம் சீவிடும் மாமா."

"சரி, அந்த மெஷின் ஏன் இப்படித் திக்குது?" என்றாள் அக்கா.

"பேசுறது உடனே ஹெட்போன்ல கேக்கணும்ல. அதுக்காக பஃபரச் சின்னதா வச்சிருக்கேன். சத்தத்தப் பிடிக்கிற கிண்ணம் மாதிரி. மெஷின் கொஞ்சம் அசந்தாலும் தளும்பிடும். அதான் டப்."

"நான் ஹெட்போன் போட்டிருக்கேனா?"

அவன் அவள் காதைப் பார்த்தான். வெறும் காது.

"பெரிய கிண்ணமா வச்சா உனக்கு என்ன கேடு?"

ஒரு கேடும் இல்லை. பாடகர்களுக்கு ஒலிப்பதிவுக் கணினி அமைத்துக் கொடுத்துப் பழகிய கை, பஃபர் அளவை அறுபத்து நான்கு என்று வைத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு என்று மாற்றினான். அரை நிமிட வேலை. அடுத்த இருபது வாக்கியத்தில் ஒரு டப்பும் இல்லை.

"அப்போ ஞாயித்துக்கிழமையே..." என்று மாமா ஆரம்பித்தார். அக்கா முறைத்தாள். அவர் வெந்நீர் கொண்டுவரப் போனார்.

தம்பி தலை நிமிரவில்லை.

"மூஞ்சியத் தொங்கப்போடாத. அத அப்புறம் வச்சுக்கலாம். எத்தன பாக்கி?"

"தொண்ணூறு."

"தொண்ட முப்பதுதான் தாங்கும்." பட்டியலை வாங்கிப் பேனாவால் அடிக்க ஆரம்பித்தாள். "'மிக்க நன்றி'. தலையாட்டினா போதும். 'நலமா இருக்கீங்களா'. யாரும் பதில எதிர்பாக்கிறதில்ல. 'எருமை, சாப்டியா'. இது வேணும். உனக்குத்தான்."

இருபத்தெட்டில் குரல் நின்றுவிட்டது. கடைசியாகப் பதிந்ததைப் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். அவன் போட்டான்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

"வரேன், வரேன்" என்று சமையலறையிலிருந்து மாமா செம்போடு ஓடிவந்தார். நிலைப்படியில் நின்றார். அக்காவின் வாய் மூடியிருந்தது.