மூன்றாவது மாடி

ஆக்சிஜன் குமிழை அவன் அரைச் சுற்று கூட்டியபோது, பின்னாலிருந்து புது நர்ஸ் குரல் கொடுத்தாள்.

"சார், கூட இருக்குறவங்க அதையெல்லாம் தொடக்கூடாது."

கையை எடுத்துக்கொண்டான். நாலு வருடத்துக்கு முன்பு இதே வார்டில் டாக்டராகப் பொழுதுக்கும் அதைத் திருகியவன்தான். மூன்று வருட மேற்படிப்பில் சரிபாதியில் வெளிநாட்டுக்குக் கிளம்பிப் போனவன். அங்கே மறுபடி முதல் வருடத்திலிருந்து ஆரம்பித்து, இப்போது கடைசி வருடம்.

கட்டிலில் அப்பா முகமூடியைக் கீழே இழுத்தார்.

"லீவு எத்தனை நாளு?"

"இருக்கேன்ப்பா. நீங்க பேசாதீங்க."

வியாழக்கிழமைக்குத் திரும்பும் டிக்கெட் பையில் இருந்தது. அப்பா நம்பியதுபோலத் தலையாட்டினார். அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பது வருடம் லிப்ட் ஓட்டியவர். 'மேலயும் கீழயுமா இத்தனை வருஷம் போயும் நான் எங்கயும் போய்ச் சேரலடா, நீயாவது போ' என்று சிரித்துத்தான் அவனை வழியனுப்பினார்.

சோடாபுட்டி வந்தாள். கூடப் படித்தவள், அவளுடைய தடிக் கண்ணாடிக்கு அவன் வைத்த பெயர் அது; இப்போது இந்த வார்டின் டாக்டர். நேற்றுக் காலையிலிருந்து டூட்டி. முந்தாநாள் போன் செய்து, "உடனே கிளம்பு, அப்பாக்கு நுரையீரல் ரொம்ப சுருங்கிடுச்சு" என்றவளும் அவள்தான். அதுவரை அவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவின் நாடித்துடிப்பைப் பார்த்துவிட்டு அவனை ஜன்னலோரம் அழைத்துப் போனாள்.

"மூச்சு மெஷின் வேணாம்னு அவரே எழுதிக் கொடுத்துட்டார். இனிமே சாயங்காலம் வரைக்கும் கூடத் தாங்காதுடா."

"உனக்கு எப்படி அவரை..."

"நீ போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசல்ல நின்னு, 'என் பையன் விட்டுட்டுப் போன வேலையை இப்ப யாரும்மா பாக்குறாங்க'ன்னு கேட்டார். உன் டூட்டியும் என் தலையிலதான் விழுந்திருந்தது, நர்ஸ் என்னைக் கை காட்டிட்டாங்க."

வெளிநாடு போன அன்று விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவன் அவளுக்கு 'மன்னிச்சிடு' என்று ஒரு வரி அனுப்பியிருந்தான். அவள் பதில் போடவில்லை.

"பிளாஸ்க்குல டீ. 'அவன் சொல்லாம போனது தப்பும்மா'ன்னு சொல்லிட்டு ஊத்திக் கொடுத்தார். அதுக்கப்புறம் நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு ஞாயிறு விடல. லிப்ட் நோயாளிகளுக்கு மட்டும்னு போட்டிருக்குல்ல, மூணு மாடியும் ஏறியே வருவார். இப்படி மூச்சு வாங்குதேன்னு நான்தான் ஒரு நாள் உக்கார வச்சு நெஞ்சுல ஸ்டெத்தை வச்சேன், அப்பதான் தெரிஞ்சது."

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவனும் போன் செய்வான். அப்பா இரைக்க இரைக்கப் பேசுவார். 'நடந்துட்டு வந்தேன்டா' என்பார். 'வயசாச்சுல்ல, மெதுவா நடங்க' என்று சொல்லியிருக்கிறான். எந்த நோயாளிக்கும் அவன் அப்படிச் சொன்னதில்லை. ஒரு தடவை, அந்த மூச்சிரைக்கும் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. பேச்சை மாற்றினான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லட்டுமான்னு கேட்டேன். 'திரும்பவும் அவனை முதல்லேர்ந்து ஆரம்பிக்க வச்சிடாதேம்மா'ன்னார்."

அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். நர்ஸ் கூப்பிட்டாள்.

அப்பாவின் மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. அவன் அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டான். எண்ணக்கூடாது என்று நினைத்தும் மனம் எண்ணிக்கொண்டே இருந்தது. பதினாலு. இருபத்திரண்டு. அப்புறம் எண்ண ஒன்றுமில்லை. சோடாபுட்டி குனிந்து, நெஞ்சில் வெகுநேரம் கேட்டாள்.

"பதினொண்ணு நாப்பது," என்றாள் நர்ஸிடம். அவன் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு, "பேப்பரை முடிச்சுத் தரேன்" என்று மேஜைக்குப் போனாள்.

அரை மணி நேரம் கழித்து, உடலை எடுத்துப்போக இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்தார்கள். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அவன் மேஜைப் பக்கம் திரும்பினான். பாதி எழுதிய படிவத்தின் மேல் கன்னம் வைத்து அவள் தூங்கிப்போயிருந்தாள். கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது.

"கையெழுத்து வாங்கணும் சார். டாக்டரை எழுப்பவா?" என்றார் ஒருவர்.

"வேணாம்."

"இல்ல சார், இவரை..."

"அவங்க எழுந்திரிக்கிற வரைக்கும் இவர் இருப்பார்," என்றான்.

காலி வண்டியின் அந்த மூலையை, கிறீச்சிடும் சக்கரம் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, அவர்களோடு வாசல் வரைக்கும் மெல்லப் பின்னால் நகர்ந்தான்.